சனிக்கிழமை மாணவர்கள்

1990களின் நடுவில் மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்துவந்த ஹைதராபாத் இளைஞர் ஒருவர், வாரக் கடைசி வந்தால் விமானம் ஏறிவிடுவார். அலுவலகம் இருந்தது சியாட்டிலை ஒட்டிய ரெட்மண்டில். அவர் போய் இறங்கியது சுமார் 2,800 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சிகாகோவில். ஊர் சுற்றவோ உறவினரைப் பார்க்கவோ அல்ல, வகுப்பில் உட்கார. சிகாகோ பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. இடம் கிடைத்திருந்த நேரத்தில்தான் மைக்ரோசாஃப்ட் வேலையும் வந்தது. இரண்டில் எதையும் விட மனம் வரவில்லை. 1992-இல் வேலையில் சேர்ந்தார். 1997-இல் பட்டத்தையும் வாங்கினார். 2014-இல் அதே நிறுவனத்துக்குத் தலைமை அதிகாரியானார். அவர்தான் சத்ய நாதெள்ளா.

ஆப்பிளின் டிம் குக் இவ்வளவு தூரம் பறக்கவில்லை. ஐ.பி.எம்.மில் வேலை பார்த்துக்கொண்டே பக்கத்திலிருந்த டியூக் பல்கலைக்கழகத்தின் மாலை வகுப்புகளுக்குப் போய், 1988-இல் எம்.பி.ஏ. முடித்தார்.

இருவரும் படித்தது பகுதிநேர எம்.பி.ஏ. வயதும் பதவியும் இன்னும் கொஞ்சம் ஏறியவர்கள் படிக்கிற எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ. அதற்கு அண்ணன் முறை. அந்த அண்ணன் பிறந்ததும் சிகாகோ பல்கலைக்கழகத்தில்தான். நாதெள்ளா பட்டம் வாங்குவதற்கு 54 ஆண்டுகளுக்கு முன்பு, 1943-இல்.

வீட்டுக் கடனும் பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸும் கழுத்தை நெரிக்கிற வயதில் மறுபடி பெஞ்சில் போய் உட்காருகிற இந்தப் பழக்கத்தின் கதையைத் தொடக்கத்திலிருந்து பார்த்தால், மூன்று கேள்விகள் விடாமல் கூடவே வருகின்றன. பணம் யாருடையது? நேரம் யாருடையது? கடைசியில் கைக்கு வருகிற காகிதம் எது? எண்பது ஆண்டுகளில் மூன்றுக்குமே பதில் மாறியிருக்கிறது.

முதலாளி அனுப்பிய மாணவர்கள்

வணிகத்தைப் பல்கலைக்கழகத்தில் சொல்லித்தர முடியும் என்பதே 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் புது யோசனை. கடையையும் கணக்கையும் கடையில் உட்கார்ந்துதான் கற்க வேண்டும் என்று உலகம் நம்பிய காலம் அது. 1881-இல் ஜோசப் வார்ட்டன் என்ற தொழிலதிபர் ஒரு லட்சம் டாலர் கொடுத்து, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் தன் பெயரில் ஒரு பள்ளியைத் தொடங்கிவைத்தார். 1898-இல் சிகாகோ, 1900-இல் டார்ட்மவுத், 1908-இல் ஹார்வர்ட் என்று வரிசை நீண்டது. ஹார்வர்ட் தொடங்கியபோதுதான் எம்.பி.ஏ. என்ற மூன்றெழுத்துப் பட்டமே வந்தது.

இவை எல்லாம் இளைஞர்களுக்கான பள்ளிகள். படித்து முடித்து வேலைக்குப் போக வேண்டும் என்பதுதான் கணக்கு. ஏற்கெனவே வேலையில் இருப்பவரை என்ன செய்வது என்று முதலில் யோசித்தவர்களில் ஒருவர், எம்.ஐ.டி. பேராசிரியர் எர்வின் ஷெல். தொழிற்சாலைகளில் நல்ல பொறியாளர்கள் ஒரு கட்டத்தில் மேலாளர்களாகிவிடுகிறார்கள். இயந்திரத்தைப் பற்றி எல்லாம் தெரிந்த அவர்களுக்கு ஆட்களைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் யாரும் எதுவும் சொல்லித்தந்ததில்லை. அவர்களை ஓராண்டு வேலையிலிருந்து விடுவித்துப் படிக்கவைக்கும் திட்டம் 1931-இல் தொடங்கியது. பொருளாதாரப் பெருமந்தம் உச்சத்தில் இருந்த நேரம். 1938-இல் ஜெனரல் மோட்டார்ஸின் ஆல்ஃபிரட் ஸ்லோன், தன் அறக்கட்டளை வழியாக அதற்குப் பணம் கொடுத்தார். அன்றிலிருந்து அது ஸ்லோன் ஃபெலோஸ் என்ற பெயரால் வழங்குகிறது. பின்னாளில் ஐ.நா. பொதுச்செயலாளரான கோஃபி அன்னான், ஐ.நா. பணியில் இருந்தபடியே 1971-72-இல் இங்கே வந்து படித்தவர். அப்போது அவருக்கு வயது 33.

ஆக முதல் வடிவத்தில் பணம் நிறுவனத்துடையது, அறக்கட்டளையுடையது. நேரமும் நிறுவனத்துடையது. மாணவர் தானாக வந்தவர் அல்ல, அனுப்பப்பட்டவர்.

போர் பெற்ற பிள்ளைகள்

1943-இல் இரண்டாம் உலகப் போர் அமெரிக்கத் தொழில்துறையைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டிருந்தது. கார் செய்த ஆலைகள் டாங்கி செய்தன. இளைஞர்கள் ராணுவத்துக்குப் போய்விட்டதால் வணிகப் பள்ளிகளின் வகுப்பறைகள் காலி. ஹார்வர்ட் தன் வழக்கமான எம்.பி.ஏ. வகுப்புகளை நிறுத்திவைத்துவிட்டு வளாகத்தை ராணுவப் பயிற்சிக்குக் கொடுத்தது. பிற்காலத்தில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சரான ராபர்ட் மெக்னமாரா, அங்கே விமானப்படை அதிகாரிகளுக்குப் புள்ளியியல் சொல்லித்தந்த இளம் ஆசிரியர்களில் ஒருவர்.

ஒரு பக்கம் மாணவர்கள் இல்லாத பள்ளிகள். மறு பக்கம் திடீரென்று மூன்று மடங்கு பெரிய பொறுப்பு தலையில் விழுந்து திணறும் நடுவயது மேலாளர்கள். இரண்டையும் முடிச்சுப் போட வேண்டியதுதான் பாக்கி. சிகாகோவும் ஹார்வர்டும் அந்த முடிச்சை வேறு வேறு விதமாகப் போட்டன.

சிகாகோ, வேலையை விடாமலே படித்து முழு எம்.பி.ஏ. பட்டம் வாங்கும் வழியை 1943-இல் திறந்தது. உலகின் முதல் எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ. என்று வரலாற்றில் பதிவாகியிருப்பது இதுதான். ஹார்வர்ட், போர்க்கால உற்பத்திக்கு ஆட்களைத் தயார் செய்ய நடுவயதுக்காரர்களுக்கு ஒரு மறுபயிற்சி வகுப்பை நடத்தியது. போர் முடிந்த 1945-இல் அதுவே அட்வான்ஸ்டு மேனேஜ்மென்ட் புரோகிராம் என்று நிரந்தரமாகியது. சில வாரங்கள் வளாகத்திலேயே தங்க வேண்டும். கூடிப் பேச வேண்டும். ஆனால் பட்டம் கிடையாது, சான்றிதழ் மட்டும்.

இந்த இரண்டு கிளைகளையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஒன்று பட்டம் தருவது, மற்றொன்று சான்றிதழ் தருவது. இன்று செய்தித்தாள் விளம்பரங்களில் இரண்டுமே எக்ஸிகியூட்டிவ் என்ற ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டுதான் நிற்கின்றன.

அந்தச் சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. 1943-இல் எக்ஸிகியூட்டிவ் என்றால் பத்துப் பேருக்காவது உத்தரவு போடக்கூடிய ஆள். தமிழ்நாட்டில் இன்று கிரெடிட் கார்டு வேண்டுமா என்று போன் செய்கிற இளைஞரும் எக்ஸிகியூட்டிவ்தான். சொல் கீழே இறங்கி வந்ததைப் போலவே படிப்பும் மெல்ல இறங்கி வந்தது என்பது பின்னால் தெரியும்.

சனிக்கிழமை எங்கிருந்து வந்தது?

வேலையை விடாமல் படிக்க வேண்டுமானால் வாரத்தில் ஒரு நாளாவது மிச்சமிருக்க வேண்டும். அந்த நாள் சும்மா கிடைத்துவிடவில்லை. 1926-இல் ஹென்றி ஃபோர்டு தன் ஆலைகளில் வாரம் ஐந்து நாள் வேலை என்று அறிவித்தார். 1938-இல் வந்த அமெரிக்கத் தொழிலாளர் சட்டம், 1940 முதல் வாரத்துக்கு 40 மணி நேரம் என்ற அளவைக் கொண்டுவந்தது. தொழிலாளர் இயக்கங்கள் ஓய்வுக்காகப் போராடி வாங்கிய சனிக்கிழமையில்தான் மேலாளர்கள் போய்ப் படிக்க உட்கார்ந்தார்கள்.

இந்தியாவில் இந்தக் கணக்கு வெகு தாமதமாகத் தொடங்குகிறது. மத்திய அரசு அலுவலகங்களுக்கு வாரம் ஐந்து நாள் என்ற முறை 1985-இல்தான் வந்தது. வங்கிகளில் சனிக்கிழமை அரை நாள் என்பது பல தலைமுறைப் பழக்கம்; இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் முழு விடுமுறையானது 2015 செப்டம்பர் 1 முதல். சனி, ஞாயிறு இரண்டு நாளும் விடுமுறை என்ற வாழ்க்கையை நகர்ப்புற இந்தியாவில் பரவலாக்கியது மென்பொருள் நிறுவனங்கள். இங்கே வார இறுதி வகுப்புகள் 1990களின் கடைசியில் களைகட்டியதற்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது.

நேரம் கிடைத்தாயிற்று. நாற்பது வயதுக்காரருக்கு எதை, எப்படிச் சொல்லித்தருவது? அவர் பாடப்புத்தகத்தை மனப்பாடம் செய்யப்போவதில்லை. இதற்கு விடை, 1920களிலேயே ஹார்வர்டில் தயாராகியிருந்தது. அங்கே டீனாக இருந்த வாலஸ் டோனம் சட்டம் படித்தவர். சட்டக் கல்லூரியில் தீர்ப்புகளை வைத்துக்கொண்டு சட்டம் சொல்லித்தருவார்கள். அதையே வணிகத்துக்கும் கொண்டுவந்தார். கோர்ட்டில் நடக்கிற கேஸ் வகுப்பறையில் கேஸ் ஸ்டடி ஆனது அப்படித்தான். ஒரு நிறுவனத்தின் உண்மையான சிக்கலைப் பத்துப் பதினைந்து பக்கத்தில் எழுதிக் கையில் கொடுத்துவிடுவார்கள். நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்பதுதான் கேள்வி. இருபத்திரண்டு வயது மாணவர் அதற்கு ஊகித்துத்தான் பதில் சொல்ல முடியும். பதினைந்து வருடம் தொழிற்சங்கத்தோடு பேசிப் பழகியவர் தன் அனுபவத்தைச் சொல்வார். வகுப்பில் ஆசிரியரிடம் கற்பதைவிடப் பக்கத்து இருக்கைக்காரரிடம் கற்பது அதிகம் என்று இந்தப் படிப்பை முடித்தவர்கள் சொல்வது இதனால்தான்.

தேம்ஸ் கரையிலிருந்து ஹைதராபாத்துக்கு

இந்தியாவுக்கு முதலில் வந்து சேர்ந்தது அமெரிக்கப் பாணி அல்ல, ஆங்கிலேயப் பாணி. தேம்ஸ் நதிக்கரையில் ஹென்லி என்ற ஊரில், புத்தகக்கடைப் புகழ் டபிள்யூ.எச். ஸ்மித் குடும்பத்தின் கிரீன்லேண்ட்ஸ் மாளிகையில், நிர்வாக அதிகாரிகளுக்கான கல்லூரி ஒன்று 1945-இல் நிறுவப்பட்டது. 1948-இல் முதல் வகுப்பு நடந்தது. ராணுவத்தில் தளபதிகளைத் தயார் செய்ய ஸ்டாஃப் காலேஜ் இருப்பதுபோல், அரசுக்கும் தொழிலுக்கும் ஒன்று வேண்டும் என்பது யோசனை.

அங்கே பரீட்சை இல்லை. அரசு அதிகாரி, தனியார் கம்பெனி மேலாளர், வங்கிக்காரர் என்று பத்துப் பேரைக் கலந்து ஒரு குழுவாக்குவார்கள். அதற்கு சிண்டிகேட் என்று பெயர். குழுவிலேயே ஒருவர் தலைவர், ஒருவர் செயலாளர். கொடுத்த பொருளை அலசி அறிக்கை எழுத வேண்டும். பட்டமும் இல்லை, ஆனால் அங்கே போய்வந்தவர் என்ற பெயரே அலுவலகத்தில் ஒரு பட்டம்போல.

இதே முறையில் இந்திய அரசும் தொழில்துறையும் சேர்ந்து 1956-இல் ஹைதராபாத்தில் அமைத்ததுதான் இந்திய நிர்வாக அதிகாரிகள் கல்லூரி, சுருக்கமாக ஆஸ்கி. இடம், நிஜாமின் மூத்த மகன் பேரார் இளவரசர் வாழ்ந்த பெல்லா விஸ்டா மாளிகை. ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்து 1957-இல் ஓய்வுபெற்ற ஜெனரல் எஸ்.எம். ஸ்ரீநாகேஷ், தொடக்க ஆண்டுகளில் அதன் முதல்வர். ஐந்தாண்டுத் திட்டங்களின் காலம் அது. உருக்காலைகளும் அணைகளும் எழும்பிக்கொண்டிருந்தன. அவற்றை நடத்த ஆட்கள் வேண்டும். அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் ஆட்களை அனுப்பிவைத்தன. இங்கும் போனவர் அனுப்பப்பட்டவர்தான். பணம், நேரம் இரண்டும் அலுவலகத்துடையவை. அவர் போகாத ஊரில் தங்கி, நல்ல சாப்பாடு சாப்பிட்டு, திரும்பி வந்து பதவி உயர்வுக்குக் காத்திருப்பார்.

கரஸ், ஈவினிங், இன்கிரிமென்ட்

மாளிகைக்கு அனுப்பிவைக்கப்படாதவர்கள்தான் அதிகம். வேலையில் இருந்துகொண்டே படிப்பது என்பது இந்தியாவில் மேலாளர்களுக்கு முன்பே குமாஸ்தாக்களும் டெக்னீஷியன்களும் பழகிய கலை.

1920-இல் சென்னையில் பதிவு செய்யப்பட்ட இந்தியப் பொறியாளர்கள் நிறுவனம், 1928 முதல் ஒரு தேர்வை நடத்திவந்தது. அதன் பெயர் ஏ.எம்.ஐ.இ. பணிமனையில் மேற்பார்வையாளராக இருக்கும் டிப்ளமாக்காரர் இரவில் படித்துப் பகுதி பகுதியாகப் பாஸ் செய்தால், வேலைவாய்ப்புக்குப் பொறியியல் பட்டத்துக்குச் சமமான தகுதி. ரயில்வே குடியிருப்புகளிலும் ஆலை ஊர்களிலும் ஏ.எம்.ஐ.இ. முடித்தவருக்குத் தனி மரியாதை இருந்தது. கல்லூரி வாசலை மிதிக்காத இன்ஜினியர் அவர்.

அதே 1928-இல்தான் இந்திய வங்கியாளர் கழகமும் பிறந்தது. அது நடத்திய சி.ஏ.ஐ.ஐ.பி. தேர்வு, வங்கிக் குமாஸ்தாக்களின் வாழ்க்கையில் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. கவுன்ட்டர் வேலை முடிந்து, கணக்கு நேராகி, வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறப்பார்கள். பாஸ் செய்தால் சம்பளத்தில் இன்கிரிமென்ட் ஏறும். இங்கே பணக் கணக்கு வேறு விதம்: முதலில் ஊழியர் தன் நேரத்தைக் கொடுக்கிறார், ஜெயித்தால் வங்கி கூலி கொடுக்கிறது.

மேலாண்மைப் படிப்பும் இந்த வழியில்தான் நடுத்தர வர்க்கத்துக்குள் நுழைந்தது. 1953-இல் கல்கத்தாவில் தொடங்கிய சமூகநலம் மற்றும் வணிக மேலாண்மைக் கழகம், ஐ.ஐ.எம்.களுக்கு எட்டு ஆண்டு மூத்தது. 1979-இல் சென்னை லயோலா வளாகத்தில் பிறந்த லிபா, ஆரம்பத்தில் வேலை பார்ப்போருக்கான மாலை வகுப்புகளாகவே நடந்தது. அதே 1979-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் 1981-இல் சென்னைப் பல்கலைக்கழகமும் தொலைதூரக் கல்விக்கென்று தனி அமைப்புகளைத் தொடங்கின. கரெஸ்பாண்டென்ஸ் என்ற நீளமான சொல்லைத் தமிழர்கள் கரஸ் என்று சுருக்கிக்கொண்டார்கள். தபாலில் வருகிற பாடப் பொட்டலம், ஆண்டுக்கு ஒருமுறை கான்டாக்ட் கிளாஸ், பக்கத்து நகரத்தில் ஒரு தேர்வு மையம். மதிப்பு ஒரு மாற்றுக் குறைவுதான் என்று சொந்தக்காரர்கள் சொன்னாலும், புரமோஷன் பட்டியலில் பெயர் ஏறியது.

1985-இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இக்னோ, 1987-இல் முதன்முதலாகத் தொடங்கியது இரண்டே படிப்புகள். அவற்றில் ஒன்று மேலாண்மை டிப்ளமா. முதல் ஆண்டு மாணவர்கள் இரண்டிலும் சேர்த்து 4,528 பேர். நாட்டின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தன் முதல் விதையாக மேலாண்மையைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் அல்ல. வேலையில் இருந்தபடி எதைப் படிக்க ஆட்கள் காத்திருந்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

பட்டம் இல்லாத பெரிய பெயர்

இதற்கு இணையாக மேல்தளத்தில் இன்னொரு கதை நடந்துகொண்டிருந்தது. ஃபோர்டு அறக்கட்டளையின் ஆதரவோடு வந்த கலிஃபோர்னியப் பேராசிரியர் ஜார்ஜ் ராபின்ஸ் 1959-இல் கொடுத்த பரிந்துரை, ஐ.ஐ.எம்.களுக்கு வித்திட்டது. 1961 நவம்பரில் கல்கத்தாவும் டிசம்பரில் அகமதாபாத்தும் பிறந்தன. கல்கத்தாவுக்கு எம்.ஐ.டி. துணை, அகமதாபாத்துக்கு ஹார்வர்ட் துணை. 1964-இல் அகமதாபாத்தில் இரண்டாண்டுப் படிப்பு தொடங்கியபோது முதல் அணியில் சேர்ந்தவர்களில் ஒருவர், கோயம்புத்தூரில் பிறந்து சென்னை லயோலாவில் படித்து, யூனியன் கார்பைடு நிறுவனத்தில் நான்கு ஆண்டு வேலை பார்த்துவிட்டு வந்த சி.கே. பிரகலாத். பின்னாளில் மேலாண்மைச் சிந்தனையில் உலகப் பெயர் எடுத்தவர்.

ஐ.ஐ.எம்.களில் ஒரு வேடிக்கை இருந்தது. அவை பல்கலைக்கழகங்கள் அல்ல. சங்கங்களாகப் பதிவு செய்யப்பட்டவை. ஆகவே எம்.பி.ஏ. பட்டம் கொடுக்க அவற்றுக்கு அதிகாரம் இல்லை. கொடுத்தது முதுநிலை டிப்ளமா. ஊரெல்லாம் ஐ.ஐ.எம். எம்.பி.ஏ. என்று சொன்னாலும் காகிதத்தில் அந்த மூன்றெழுத்து கிடையாது. 2017-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஐ.ஐ.எம். சட்டம் 2018 ஜனவரி 31-இல் நடைமுறைக்கு வந்த பிறகுதான் இந்தக் குறை தீர்ந்தது.

நடுவயதுக்காரர்களுக்கான கதவை ஐ.ஐ.எம்.கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பெங்களூரில் மென்பொருள் நிறுவனங்கள் பெருகியிருந்த 1998-இல், அவற்றின் ஊழியர்களை மனத்தில் வைத்து ஐ.ஐ.எம். பெங்களூர் ஒரு பகுதிநேரப் படிப்பைத் தொடங்கியது. நிரல் எழுதத் தெரிந்தவர்கள் ஆட்களை மேய்க்க வேண்டியிருந்தது. 1931-இல் எர்வின் ஷெல் பார்த்த அதே சிக்கல், அறுபத்தேழு ஆண்டு கழித்து ஓசூர் சாலைக்கு வந்துசேர்ந்திருந்தது. 2000களின் தொடக்கத்தில் ஐ.ஐ.எம். கோழிக்கோடு செயற்கைக்கோள் வழியே வெவ்வேறு நகரங்களில் ஒரே நேரத்தில் பாடம் நடத்தியது. 2011-இல் தொடங்கிய ஐ.ஐ.எம். திருச்சி, சில ஆண்டுகளுக்குள்ளேயே சென்னையில் வேலை பார்ப்போருக்கென வார இறுதி வகுப்புகளை நடத்த வந்துவிட்டது.

இன்னொரு வழியும் இருந்தது: வேலையை விட்டுவிட்டு ஒரே ஆண்டில் படித்து முடிப்பது. பிரான்சின் இன்சியாட் வணிகப் பள்ளி 1959-இல் தன் முதல் அணியோடு காட்டிய பாதை அது. 2001-இல் ஹைதராபாத்தில் ஐ.எஸ்.பி. என்ற வணிகப் பள்ளி அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் கெல்லாக் பள்ளியில் 1973 முதல் பாடம் நடத்திய, புதுக்கோட்டைப் பக்கத்துக்காரரான பேராசிரியர் பாலா பாலச்சந்திரன் அந்த முயற்சியில் பங்கெடுத்தவர். 2004-இல் அவரே சென்னையில் கிரேட் லேக்ஸ் நிறுவனத்தை இதே ஓராண்டு முறையில் தொடங்கினார். 2006-இல் ஐ.ஐ.எம். அகமதாபாத்தும் அனுபவசாலிகளுக்கான ஓராண்டுப் படிப்போடு வந்தது. ஓராண்டுப் படிப்புக்கு முதுநிலைப் பட்டம் கொடுக்கலாமா என்று 2020-இல் மத்திய அரசு கேள்வி எழுப்பிய அளவுக்கு இந்த வகை வளர்ந்துவிட்டது.

சிறைக்கூடமும் செல்வந்தர் வீடும்

அமெரிக்காவில் 1943-க்குப் பிறகு உடனே எல்லோரும் சிகாகோவைப் பின்பற்றிவிடவில்லை. கொலம்பியா 1968-இல் வந்தது. வார்ட்டனும் கெல்லாக்கும் 1970களின் நடுவில் வந்தன. அதற்குப் பிறகு வேகம் பிடித்தது. 1996-இல் டியூக், இணையம் வழியே பாதியும் நேரில் பாதியுமாக உலகம் முழுக்க மாணவர்களைச் சேர்த்தது. 1998-இல் கெல்லாக், ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடு கூட்டுச் சேர்ந்தது. பின்னாளில் உலகத் தரவரிசைகளில் பலமுறை முதலிடம் பிடித்தது அந்தக் கூட்டுப் படிப்பு.

சிகாகோவே கடல் தாண்டியது. 1994-இல் பார்சிலோனாவில் ஒரு கிளை. 2000-இல் சிங்கப்பூரில், தான் யோக் நீ என்ற தியோச்சூ வணிகர் 1880களில் கட்டிய வீட்டில் இன்னொரு கிளை. சீன முறைப்படி முற்றமும் ஓட்டுக் கூரையுமாக நிற்கும் அந்த வீடு தேசிய நினைவுச் சின்னம். அங்கே ஆசிய மேலாளர்கள் உட்கார்ந்து நிதி அறிக்கை படித்தார்கள். பிறகு அந்தக் கிளை ஹாங்காங்குக்கு இடம்பெயர்ந்தது. 2018-இல் அங்கே திறந்த வளாகம், பிரிட்டிஷ் ஆட்சியில் அரசியல் கைதிகளை அடைத்துவைத்திருந்த மவுண்ட் டேவிஸ் தடுப்புக் காவல் இல்லம். ஒரு காலத்தில் வெளியே போக முடியாமல் ஆட்கள் தவித்த இடத்துக்குள் இன்று கட்டணம் கட்டி வருகிறார்கள்.

சீனாவில் இந்தப் படிப்பு அடைந்த ஏற்றமும் இறக்கமும் தனிக் கதை. 1994-இல் சீன அரசும் ஐரோப்பிய ஒன்றியமும் சேர்ந்து ஷாங்காயில் தொடங்கிய சீப்ஸ் பள்ளி முன்னோடி. 2002-இல் 30 பல்கலைக்கழகங்களுக்கு எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ. நடத்த அனுமதி கிடைத்தது. அரசு நிறுவன அதிகாரிகளும் தனியார் முதலாளிகளும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள். பாடத்தைவிட அந்தப் பழக்கமே பெரிய லாபம் என்பது ஊரறிந்த ரகசியம். ஊழல் ஒழிப்பு நடவடிக்கைகள் தீவிரமான 2014-இல், கட்டணம் மிகுந்த இத்தகைய வகுப்புகளில் அரசு அதிகாரிகளும் பொதுத்துறை நிர்வாகிகளும் சேரக் கூடாது என்று உத்தரவு வந்தது. பலர் பாதியில் விலகினார்கள். கட்டணத்தை யார் கட்டினார்கள், எதை எதிர்பார்த்துக் கட்டினார்கள் என்பதுதான் அந்த உத்தரவின் பின்னால் இருந்த சந்தேகம்.

யார் கட்டுவது?

எந்த நாட்டிலும் கடைசியில் கதை இங்கேதான் வந்து நிற்கிறது. தொடக்கத்தில் கம்பெனி பெயரைக் கொடுத்தது, கட்டணத்தைக் கட்டியது, நேரத்தையும் கொடுத்தது. பதிலுக்கு ஊழியர் காலமெல்லாம் அங்கேயே இருப்பார் என்பது சொல்லாத ஒப்பந்தம். ஒரே நிறுவனத்தில் ஓய்வுபெறுகிற வழக்கம் தேய்ந்ததும் அந்த ஒப்பந்தமும் தேய்ந்தது. நிறுவனங்கள் முதலில் பாண்டு எழுதி வாங்கின: படிப்பு முடிந்து இத்தனை ஆண்டுக்குள் விலகினால் பணத்தைத் திருப்பிக் கொடு. பிறகு பாதிக் கட்டணம் தந்தன. பிறகு வாழ்த்து மட்டும் சொல்லின.

அமெரிக்க வரிச் சட்டத்தில் இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. ஊழியரின் படிப்புக்கு நிறுவனம் கொடுக்கும் பணத்தில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை அவர் வருமானமாகக் கணக்கிடப்படாது. 1986-இல் இந்த வரம்பு வந்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அந்த எண் அசையவே இல்லை. இதே காலத்தில் வார்ட்டன், சிகாகோ போன்ற பள்ளிகளின் எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ. கட்டணம் இரண்டு லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. ஐ.ஐ.எம். அகமதாபாத்தின் ஓராண்டுப் படிப்பு 30 லட்சம் ரூபாய்க்கு மேல். பெரும்பாலும் கல்விக் கடன். சில வீடுகளில் பி.எஃப். பணம்; சில வீடுகளில் நகை.

நேரமும் அப்படியே. அலுவலகம் கொடுத்த ஓராண்டு, அலுவலகம் கொடுத்த மூன்று மாதம், தொழிலாளர் போராட்டம் கொடுத்த சனிக்கிழமை என்று சுருங்கிக்கொண்டே வந்து, 2020-இன் கொரோனாவுக்குப் பிறகு சமையலறை மேசையில் இரவு ஒன்பது மணி ஆன்லைன் வகுப்பாகிவிட்டது. அந்த மணி நேரங்கள் குடும்பத்தினுடையவை.

மிச்சமிருப்பது காகிதம். ஏ.எம்.ஐ.இ. கதை இதில் ஒரு பாடம். எண்பது ஆண்டுகளுக்கு மேல் பொறியியல் பட்டத்துக்குச் சமமாக மதிக்கப்பட்ட அந்தத் தகுதி, 2013 மே 31-க்குப் பிறகு பதிவு செய்தவர்களுக்குச் செல்லாது என்று மத்திய அரசு முடிவெடுத்தது. மறுநாள் சேர்ந்தவருக்கும் முந்தின நாள் சேர்ந்தவருக்கும் பாடம் ஒன்றுதான். காகிதத்தின் மதிப்பு வேறு.

ஆகவே செய்தித்தாளின் பாதிப் பக்க விளம்பரத்தைப் பார்த்துவிட்டு சனிக்கிழமை மாணவராக நினைப்பவர், பெரிய எழுத்தில் இருக்கும் நிறுவனத்தின் பெயரோடு நின்றுவிட வேண்டாம். பெயர்பெற்ற நிறுவனங்கள் நடத்துகிற எக்ஸிகியூட்டிவ் வகுப்புகளில் சில மாதப் படிப்புகள் ஹார்வர்ட் 1945-இல் தொடங்கிய கிளையைச் சேர்ந்தவை. முடிவில் கிடைப்பது சான்றிதழ். எம்.பி.ஏ. தருபவை சிகாகோ 1943-இல் தொடங்கிய கிளை. இரண்டுக்கும் பயன் உண்டு, இரண்டும் ஒன்றல்ல. பட்டமா, டிப்ளமாவா, சான்றிதழா என்பதைச் சொல்லும் வரி விளக்கக் கையேட்டில் எங்காவது ஒரு மூலையில் இருக்கும். முதல் தவணையைக் கட்டுவதற்கு முன்னால் அதைத் தேடிப் படித்துவிடுங்கள்.